இதய நோயாளிக்கு முழு மயக்கம்: மருந்தைத் தேர்வு செய்வது எப்படி?

"எக்கோவில் பம்பிங் 35 சதவீதம்தான். எந்த மயக்க மருந்து கொடுக்கலாம்?" மயக்கவியல் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். (எக்கோ என்பது இதயத்தின் ஸ்கேன்; பம்பிங் என்பது இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு.) மருந்தின் பெயர் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: இந்த இதயத்துக்கு எந்த வேகம் வேண்டும், அதற்குள் எவ்வளவு ரத்தம் வந்து நிரம்ப வேண்டும், ரத்தக்குழாய்கள் எந்த அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் தெளிவாகிவிட்டால் தியேட்டர் அலமாரியில் இருக்கும் ஏறக்குறைய எந்த மருந்தையும் பக்குவமாகக் கொடுத்துவிடலாம். தெளிவாகாவிட்டால், 'இதயத்துக்கு நல்லது' என்று பெயர் வாங்கிய மருந்தே ஆளைச் சாய்த்துவிடும்.

இங்கே நான் பேசப்போவது இதயத்தில் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி இல்லை. இடுப்பெலும்பு முறிவு, பித்தப்பை, குடலிறக்கம், புற்றுநோய்க் கட்டி என்று வேறு காரணத்துக்காகத் தியேட்டருக்கு வரும் இதய நோயாளிகளைப் பற்றி. சிறு ஊர் மருத்துவமனையில் தனியாக நின்று மயக்கம் கொடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இதய நோய் உள்ள அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆபரேஷன் நாள் குறித்திருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். மருந்தளவுகளை மட்டும் உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: எக்கோவைப் பிரிக்கும் முன் பேசுங்கள்

"ஐயா, ரெண்டு மாடி நிக்காம ஏற முடியுமா?" "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" "தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்ததுண்டா?" "எப்பவாவது மயங்கி விழுந்தீங்களா?" இந்த நாலு கேள்விகள் தரும் தகவலைப் பல நேரம் அறிக்கைகள் தருவதில்லை. இரண்டு மாடி நிற்காமல் ஏறுவது சுமார் 4 மெட் உழைப்பு. ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. அந்த 4 மெட்டைச் சிரமமில்லாமல் தாண்டுபவரின் இதயத்தில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. மூட்டுவலியால் பல வருடங்களாக வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாட்டிக்கு நெஞ்சுவலியே வந்ததில்லை என்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய இதயத்துக்கு வேலையே வைக்கவில்லை, அவ்வளவுதான். தியேட்டரில்தான் முதல் சோதனை நடக்கப்போகிறது.

1999இல் லீ குழுவினர் வெளியிட்ட ஆறு அம்சப் பட்டியல் இன்றும் கைகொடுக்கிறது: பெரிய அறுவை சிகிச்சை, இதய ரத்தக்குழாய் நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், இன்சுலின் போடும் சர்க்கரை நோய், 2 மி.கி.க்கு மேல் கிரியாட்டினின் (சிறுநீரகப் பழுதைக் காட்டும் ரத்த அளவு). எத்தனை பொருந்துகிறதோ அந்த அளவுக்கு ஆபத்து கூடும். எந்த மருந்து என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது. எவ்வளவு எச்சரிக்கை, எத்தனை கண்காணிப்புக் கருவி, ஐசியுவில் படுக்கை வேண்டுமா என்பதைச் சொல்லும்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடலாமா என்றும் இப்போதே யோசியுங்கள். மாரடைப்பு வந்து 60 நாளாவது கடந்திருக்க வேண்டும். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்திருந்தால் பொதுவாக ஆறு மாதம்; மாரடைப்பின்போது வைத்த ஸ்டென்ட் என்றால் ஓர் ஆண்டு காத்திருப்பது நல்லது. புற்றுநோய், எலும்பு முறிவு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே இதய மருத்துவர், அறுவை மருத்துவர், நீங்கள் என மூவரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம் ஸ்டெதாஸ்கோப். கழுத்துவரை பரவும் இதய இரைச்சலோடு (மர்மர்) இடுப்பு முறிந்து வரும் முதியவரை எக்கோ பார்க்காமல் தியேட்டருக்குள் தள்ளக் கூடாது. அயோர்ட்டா வால்வு சுருங்கியிருப்பது பல முதியவர்களுக்கு இடுப்பு முறிந்த பிறகுதான் தெரியவருகிறது.

படி 2: வீட்டில் சாப்பிடும் மருந்துகளைச் சரிபாருங்கள்

மயக்க மருந்து இவற்றின் மேல்தான் போய் உட்காரப்போகிறது. துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கரும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் ஆபரேஷன் அன்று காலையும் கொடுங்கள். ஆனால் ஆபரேஷன் நாளில் பீட்டா பிளாக்கரைப் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். 2008இல் வெளியான பாய்ஸ் ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன் மெட்டோப்ரோலால் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. பக்கவாதமும் மரணமும் கூடின. பிபி விழுந்ததுதான் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. இதயத்தைக் காப்பாற்றும் முயற்சியில் மூளையை இழக்கலாம் என்பதை அந்த ஆய்வு நம் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது.

எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகை மாத்திரைகள் பற்றி இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. காலையில் சாப்பிட்டுவந்தால் மயக்கம் கொடுத்ததும் பிபி இறங்குவது அதிகம், அதுவும் எளிதில் ஏறாது. பிபிக்காக மட்டும் சாப்பிடுபவர்களுக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வது என் வழக்கம். பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்புக்காகச் சாப்பிடுபவர்களுக்கு இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் இப்போது இதய நோயாளிகளிடம் சகஜமாகிவிட்டன. இவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இவற்றில் உண்டு.

படி 3: இலக்கைக் காகிதத்தில் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் பாதி வேலை முடிகிறது. அவசரப்படாதீர்கள்.

இதயத்தின் இடது கீழறைக்கு அது சுருங்கும்போது ரத்தம் போய்ச் சேர்வது கடினம். தளர்ந்திருக்கும்போதுதான் அது தன் ரத்தத்தைப் பெரும்பாலும் பெறுகிறது. துடிப்பு வேகமெடுத்தால் சுருங்கும் நேரம் அதிகம் குறையாது, தளரும் நேரம்தான் வெட்டுப்படும். அதாவது ஆக்சிஜன் செலவு கூடும் அதே நேரத்தில் வரவு குறையும். கூடவே பிபியின் கீழ் அளவும் இறங்கினால் இதயத் தசைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தமும் போய்விடும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு வேகமான துடிப்பும் குறைந்த பிபியும் சேர்ந்து வருவதைப்போலக் கெட்டது வேறில்லை. அவருக்கான இலக்கு: பல்ஸ் 60 முதல் 80, பிபி அவருடைய வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது, சராசரி பிபி 65க்குக் கீழே போகக் கூடாது.

அயோர்ட்டா வால்வு சுருக்கம். இயல்பில் 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்க வேண்டிய வால்வின் வாய் 1 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழே வந்திருந்தால், வால்வுக்கு இரு பக்கமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்தைத் தொட்டிருந்தால், அது தீவிரம். வால்வின் வாய் மாறாதது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தை அதிகமாக்க வழியில்லை. ரத்தக்குழாய்கள் தளர்ந்தால் பிபி விழும், தடித்துப்போன கீழறைத் தசைக்கு ரத்தம் போகாது, அதனால் பம்பிங் குறையும், பிபி இன்னும் விழும். இந்தச் சுழலுக்குள் போனவரை மீட்பது மிகக் கடினம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பதும் அந்தக் குறுகிய வால்வு வழியே சரியாக வேலை செய்வதில்லை. இலக்கு: மெதுவான, சீரான சைனஸ் தாளம் (இதயத்தின் இயல்பான தாளம்), இதயம் நன்றாக நிரம்பியிருத்தல், குழாய்கள் இறுக்கமாக இருத்தல். விறைத்துப்போன கீழறை நிரம்புவதில் மேலறையின் தள்ளல் 40 சதவீதம் வரைகூடப் பங்களிக்கும். ஆகவே தாளம் தவறினால் உடனே மின்னதிர்ச்சி கொடுக்கத் தயாராக பேட் ஒட்டி வைத்திருங்கள்.

மைட்ரல் வால்வு சுருக்கம். ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். நம் ஊரில் இன்னும் இளம் பெண்களிடம் பார்க்கிறோம். மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்க நேரம் வேண்டும். வேகம் கூடினால் ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும். இலக்கு: மெதுவான துடிப்பு, அளவான திரவம். ஆக்சிஜன் குறைவதும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதும் நுரையீரல் அழுத்தத்தை ஏற்றிவிடும், அவற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

வால்வு கசிவு இதற்கு நேர் எதிர். மைட்ரல் ஆனாலும் அயோர்ட்டா ஆனாலும் கொஞ்சம் வேகமாக, 80 முதல் 100 வரை துடிப்பது நல்லது. குழாய்கள் கொஞ்சம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் கசியாமல் முன்னால் போகும். பொதுவாகவே மயக்க மருந்துகள் குழாய்களைத் தளர்த்துபவை என்பதால் கசிவுள்ளவர்கள் முழு மயக்கத்தை ஓரளவு நன்றாகத் தாங்குகிறார்கள். எதிரி மந்தத் துடிப்பு.

பம்பிங் குறைந்த இதயம். இவர்கள் உடலின் சொந்த அட்ரினலினை நம்பித்தான் நிமிர்ந்து நிற்கிறார்கள். மயக்கம் அந்த ஊன்றுகோலைத் தட்டிவிடுகிறது. எந்த மருந்தால் தூங்க வைத்தாலும் பிபி இறங்கத்தான் செய்யும், தூக்கமே அட்ரினலினைக் குறைத்துவிடுவதால்.

தடித்த தசை வெளியேறும் வழியை அடைக்கும் வகை இதய நோய்க்கு எல்லாமே தலைகீழ்: பலமாகச் சுருங்குவது கெடுதல், நிரம்பியிருப்பதும் குழாய் இறுக்கமும் நன்மை. இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருந்தால் வேகமும் நிறைவும் இறுக்கமும் மூன்றும் வேண்டும். கூடுமானவரை நோயாளியின் சொந்த மூச்சு நிற்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதியாயிற்றா? அந்தக் காகிதத்தை மயக்க இயந்திரத்தில் ஒட்டுங்கள். உதவிக்கு வரும் செவிலியரும் படிக்கட்டும்.

படி 4: தூங்க வைக்கும் மருந்து

ப்ரோப்போஃபால். எல்லா இடத்திலும் கிடைக்கிறது, எல்லோருக்கும் கைப்பழக்கம் உண்டு. ரத்தக்குழாய்களைத் தளர்த்தும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும், பிபி விழுந்தாலும் பல்ஸ் ஏறி ஈடுகட்டவிடாது. ஆரோக்கியமானவருக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மி.கி. போகும் மருந்து இது. தீவிர இதய நோயாளிக்குப் பல நேரம் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. போதும், அதையும் 20 மி.கி. 20 மி.கி.யாக. இப்படிக் கொடுத்தால் இதய நோயிலும் நல்ல மருந்து. ஒரே மூச்சில் 100 மி.கி. தள்ளுவதுதான் ஆபத்து.

எட்டோமிடேட். கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மி.கி. பல்ஸையும் பிபியையும் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். அயோர்ட்டா வால்வு சுருக்கம், பம்பிங் மிகக் குறைந்த இதயம், இதய ரத்தக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் வலியைத் தடுக்காது. மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது பிபி எகிறும். கை கால்கள் துள்ளும். அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் உருவாவதை ஒரு தடவை கொடுத்தாலே பல மணி நேரம் தடுக்கும். 1983இல் ஐசியுவில் தொடர் டிரிப்பாகக் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் மரணம் கூடியதைக் கவனித்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. சீழ்த்தொற்றால் பிபி விழுந்து வருபவருக்கு நான் தவிர்க்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு தடவை கொடுப்பதில் தயக்கமில்லை.

கெட்டமைன். கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. அட்ரினலினைத் தூண்டிப் பல்ஸையும் பிபியையும் ஏற்றும். இதயத்தைச் சுற்றி நீர் கட்டியவருக்கும், ரத்தம் இழந்து வருபவருக்கும், ஃபாலோ நான்மை போன்ற பிறவிக் குறையுள்ள குழந்தைக்கும் நல்ல மருந்து. ரத்தக்குழாய் அடைப்பு, வால்வு சுருக்கம், தடித்த தசை ஆகியவற்றுக்குத் தனியாக முழு அளவில் வேண்டாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கெட்டமைன் நேரடியாக இதயத் தசையைத் தளர்த்தும் மருந்துதான். அட்ரினலின் தீர்ந்துபோய், நாள்கணக்கில் இதயச் செயலிழப்பில் கிடந்தவருக்குக் கொடுத்தால் அந்த முகம் வெளியே வரும். பிபி ஏறும் என்று காத்திருப்போம், அது இறங்கும்.

தயோபென்டோன் இன்னும் சில இடங்களில் அலமாரியில் இருக்கிறது. பிபியை இறக்கி, பல்ஸை ஏற்றும். வேறு எதுவும் கிடைத்தால் இதய நோயாளிக்கு இதைத் தொடாதீர்கள். மிடசோலம் 1 மி.கி. பதற்றத்தைக் குறைக்கவும் மற்ற மருந்தின் அளவைக் குறைக்கவும் உதவும். ஃபென்டனிலோடு சேர்த்து அளவு கூட்டினால் பிபி விழும்.

இனி, எந்த மருந்தை எடுத்தாலும் பொருந்தும் விஷயம். பம்பிங் குறைந்தவருக்குக் கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். சாதாரணமாக அரை நிமிடத்தில் கண் மூடுபவர், இப்போது ஒரு நிமிடம் தாண்டியும் விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். 'மருந்து பத்தவில்லை' என்று இன்னும் கொஞ்சம் தள்ளுவோம், மறுபடி தள்ளுவோம். குளியலறையில் வெந்நீர் வரவில்லையே என்று குழாயைத் திருகிக்கொண்டே போனால் கடைசியில் மொத்தமாகக் கொதிநீர் கொட்டுமே, அதுபோல எல்லாம் சேர்ந்து இதயத்தில் இறங்கும். ஒவ்வொரு தவணைக்கும் இடையில் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருங்கள். அந்த ஒரு நிமிடப் பொறுமை எந்த விலையுயர்ந்த மருந்தைவிடவும் பாதுகாப்பானது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 5: டியூப் போடும் அந்த அரை நிமிடத்துக்குத் தயாராகுங்கள்

தொண்டையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் நாக்கைத் தூக்கும்போது உடல் அதைப் பெரிய வலியாக எடுத்துக்கொள்கிறது. பல்ஸும் பிபியும் எகிறும். ஃபென்டனில் கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம், டியூபுக்கு 3 முதல் 5 நிமிடம் முன்பே கொடுங்கள். அப்போதுதான் அதன் உச்ச வேலை டியூப் போடும் நேரத்தில் விழும். பலர் கடைசி நேரத்தில் கொடுத்துவிட்டு, டியூப் போட்டு முடித்த பிறகு, எந்தத் தூண்டலும் இல்லாத நேரத்தில், பிபி இறங்குவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். லிக்னோகெயின் கிலோவுக்கு 1.5 மி.கி. ஒன்றரை நிமிடம் முன் கொடுப்பதும், பல்ஸ் ஏறினால் எஸ்மொலால் கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுப்பதும் கைகொடுக்கும்.

ஒரு காலத்தில் இதய நோயாளிக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) மட்டுமே மயக்கம் என்று இருந்தது. 1969இல் லோவன்ஸ்டைன் குழுவினர் தீவிர வால்வு நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 0.5 முதல் 3 மி.கி. மார்ஃபின் கொடுத்து இதயம் நிலையாக நிற்பதைக் காட்டினார்கள். 1970களின் இறுதியில் அந்த இடத்துக்கு ஃபென்டனில் வந்தது, கிலோவுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை. இதயம் அசையவில்லை, உண்மைதான். ஆனால் நோயாளி மறுநாள்வரை வென்டிலேட்டரில் கிடந்தார்; சிலருக்கு நினைவு முழுதாக மறையவும் இல்லை. பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்தவருக்கு அது தேவையில்லை.

படி 6: தசை தளர்த்தும் மருந்து

இங்கே நிறைய யோசிக்க வேண்டியதில்லை. வெக்குரோனியம், ரோக்குரோனியம், சிஸ்அட்ராகுரியம் மூன்றும் இதயத்தைத் தொடாதவை. அட்ராகுரியம் வேகமாகப் போட்டால் ஹிஸ்டமின் கிளம்பி பிபி இறங்கும், மெதுவாகப் போடுங்கள். பான்குரோனியம் பல்ஸை ஏற்றுவதால் வால்வு சுருக்கத்துக்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் ஆகாது. வயிறு நிறைந்தவருக்கு சக்சினைல்கோலினுக்குப் பதில் ரோக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. என் விருப்பம்.

படி 7: மயக்கத்தைத் தொடர்வது

ஹாலோத்தேன் என்ற பழைய மயக்க வாயுவின் காலத்தில் இந்தப் படி பயமானது. அது இதயத் தசையைத் தளர்த்தியது, அட்ரினலின் பட்டால் தாளம் தப்பவைத்தது. ஐசோஃப்ளூரேனும் செவோஃப்ளூரேனும் வந்த பிறகு பயம் பெருமளவு போனது. இவை முக்கியமாக ரத்தக்குழாய்களைத் தளர்த்துபவை, அதை ஈடுகட்ட நம்மிடம் மருந்து இருக்கிறது. ஐசோஃப்ளூரேன் அடைப்புள்ள பகுதியிலிருந்து ரத்தத்தைத் திருடும் என்று 1980களில் கிளம்பிய அச்சம், பிபி காக்கப்படும்வரை நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. டெஸ்ஃப்ளூரேனைத் திடீரென்று கூட்டினால் பல்ஸ் எகிறும். அதனால் ரத்தக்குழாய் நோயாளிக்கு நான் எடுப்பதில்லை. பிறவியிலேயே இசிஜியில் கியூடி இடைவெளி நீண்டவருக்குச் செவோஃப்ளூரேன் அதை இன்னும் நீட்டும் என்பதால் ப்ரோப்போஃபால் டிரிப் நல்லது.

வாயு மயக்கம் இதயத் தசையைப் பாதுகாக்கும் என்று நீண்ட நாள் நம்பினோம். 2019இல் வெளியான மிரியாட் ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேரை வைத்து, வாயு மயக்கத்துக்கும் ஊசி வழி மயக்கத்துக்கும் ஓராண்டு உயிர்பிழைப்பில் வித்தியாசமில்லை என்று காட்டியது. அந்த ஆய்வு பைபாஸ் நோயாளிகளைப் பற்றியது என்றாலும், உங்கள் கைக்குப் பழகிய முறையை எடுப்பதற்கு அது தைரியம் தருகிறது.

நைட்ரஸ் ஆக்சைடு பற்றிய பயத்தையும் 2014இல் ஏழாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த எனிக்மா இரண்டாம் ஆய்வு குறைத்தது. மாரடைப்போ மரணமோ கூடவில்லை. நுரையீரல் அழுத்தம் கூடியவருக்கு மட்டும் வேண்டாம்.

வயதை மறக்காதீர்கள். செவோஃப்ளூரேனின் ஒரு மேக், அதாவது வெட்டும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான வாயு அளவு, 40 வயதில் 1.8 சதவீதம், 80 வயதில் 1.4. பெரியவருக்கு இளைஞரின் அளவில் டயலைத் திருப்பிவிட்டு, அதனால் விழுந்த பிபியை இன்னொரு மருந்தால் தூக்கிக்கொண்டிருப்பதைப் பல தியேட்டர்களில் பார்க்கிறேன். டயலைக் குறையுங்கள். வலிக்கு நரம்பு பிளாக் போட்டால் இன்னும் குறைக்கலாம். மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஸ் கருவி இருந்தால் மாட்டுங்கள்.

படி 8: பிபியைத் தாங்கும் மருந்தை முன்கூட்டியே ஏற்றி வையுங்கள்

தூங்க வைக்கும் மருந்தைத் தொடும் முன் இந்த சிரிஞ்சுகள் லேபிளோடு தட்டில் இருக்க வேண்டும். இதையும் மருந்துத் தேர்வின் பகுதியாகவே நினைக்கிறேன், பின்னால் யோசிக்கும் விஷயமாக இல்லை. வால்வு சுருக்கத்துக்கும், தடித்த தசைக்கும், ரத்தக்குழாய் நோய்க்கும் ஃபினைலெஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம்: பிபி ஏறும், பல்ஸ் ஏறாது. கசிவுள்ள வால்வுக்கு இது பொருந்தாது. அங்கே எஃபெட்ரினோ மெஃபென்டெர்மினோ 6 மி.கி. நல்லது. நம் ஊர் தியேட்டர்களில் மெஃபென்டெர்மின்தான் கைக்கு முதலில் அகப்படும். அது பல்ஸையும் ஏற்றும் என்பதை நினைவில் வைத்து, மைட்ரல் சுருக்கம் உள்ளவருக்கு எடுக்காதீர்கள். பம்பிங் குறைந்தவருக்கு நார்அட்ரினலின் டிரிப்பை மிகக் குறைந்த அளவில் தூங்க வைக்கும் முன்பே ஓடவிடலாம். தீவிர நோயாளிகளுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் பிபி காட்டும் ஆர்ட்டீரியல் லைனை (தமனிக்குள் வைக்கும் சிறு குழாய்) மயக்கத்துக்கு முன்பே போடுங்கள், அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டால் வலிக்காது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார்க்கும் பட்டை, விழுந்ததைச் சொல்லும்போது இரண்டரை நிமிடம் போயிருக்கலாம்.

இரண்டு நோயாளிகளை வைத்துப் பார்ப்போம்

78 வயதுப் பெரியவர், இடுப்பெலும்பு முறிவு, அயோர்ட்டா வால்வு 0.8 சதுர செ.மீ., பம்பிங் 55. இலக்கு: மெதுவாக, நிறைவாக, இறுக்கமாக. முதலில் இடுப்புப் பக்கம் ஃபேசியா இலியாகா பிளாக் (வலி நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசி). வலி குறைந்ததும் பல்ஸ் தானே இறங்கும். ஆர்ட்டீரியல் லைன், பேட். ஃபினைலெஃப்ரின் டிரிப் மெதுவாக ஓடட்டும். ஃபென்டனில் கிலோவுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மைக்ரோகிராம், காத்திருப்பு, எட்டோமிடேட் கிலோவுக்கு 0.2 மி.கி., வெக்குரோனியம். எட்டோமிடேட் இல்லையா? ப்ரோப்போஃபால் 10 மி.கி. 10 மி.கி.யாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். பிறகு செவோஃப்ளூரேன் 0.7 மேக், பிளாக் வேலை செய்தால் அதற்கும் கீழே.

28 வயதுப் பெண், மைட்ரல் வால்வு 0.9 சதுர செ.மீ., குடல்வால் வெடித்து அவசரமாக வருகிறார். காய்ச்சலாலும் வலியாலும் பல்ஸ் 124. இங்கே முதல் மருந்து மயக்க மருந்தே இல்லை. வலிக்கு ஃபென்டனில், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஆன்டிபயாட்டிக், அளந்து திரவம், தேவைப்பட்டால் எஸ்மொலால். தாளம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) மாறியிருக்கிறதா என்று இசிஜி. கெட்டமைன், அட்ரோபின், பான்குரோனியம் மூன்றும் தட்டிலேயே இருக்கக் கூடாது. ப்ரோப்போஃபால் கொஞ்சம் கொஞ்சமாக, ரோக்குரோனியம், மூச்சுக்குழாயில் உணவு போகாமல் வேகமாக டியூப். பிபி விழுந்தால் ஃபினைலெஃப்ரின். சிறுநீர் போகவில்லை என்று டிரிப்பைத் திறந்துவிடாதீர்கள், நுரையீரல் தாங்காது.

படி 9: எழுப்புவதும் அதற்குப் பிறகும்

நல்லபடியாகப் போன கேஸ் எழுப்பும்போது கெடுவதுண்டு. இருமல், வலி, குளிர் நடுக்கம் மூன்றும் பல்ஸை ஏற்றும். நடுக்கம் உடலின் ஆக்சிஜன் செலவைப் பல மடங்காக்கும். தொடக்கத்திலிருந்தே சூடான திரவமும் போர்வையும் வேண்டும். தசை தளர்த்தியை முறிக்க நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும் கொடுத்தால் பல்ஸ் முதலில் ஏறி அப்புறம் இறங்கலாம். ரோக்குரோனியம் அல்லது வெக்குரோனியம் கொடுத்திருந்தால் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி. அந்த ஆட்டத்தைத் தவிர்க்கும். அரிதாகக் கடும் மந்தத் துடிப்பு வரலாம் என்பதால் கண் மானிட்டரில் இருக்கட்டும். விலை அதிகம்தான், தீவிர வால்வு நோயாளிக்கு அந்தச் செலவு தகும் என்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மாரடைப்புகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் வருகின்றன, பலருக்கு நெஞ்சுவலியே இருப்பதில்லை. வலி மருந்து அதை மறைத்துவிடுகிறது. எனவே ஆபத்து அதிகமுள்ளவருக்கு ஆபரேஷனுக்கு முன் ஒரு டிரோபோனினும் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பிறகு 24, 48 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் பாருங்கள். ஹீமோகுளோபின், பொட்டாசியம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றையும் பாருங்கள். நிறுத்திய மாத்திரைகளை எப்போது மறுபடி தொடங்குவது என்று தேதி போட்டு எழுதுங்கள். பல்ஸ் 100க்கு மேல் போனாலோ, சராசரி பிபி 65க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ நள்ளிரவானாலும் கூப்பிடச் சொல்லி இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் நேரில் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிவிட்டு வாருங்கள்.